எடுக்கிறதோ, குடுக்கிறதோ

குகதாசனுக்குப் பின்னக் கணக்குப் படிப்பித்தவள் நான். ஒன்றை இரண்டு பேருக்குச் சரியாகப் பிரித்தால் ஆளுக்கு அரை என்பது ஏழாம் வகுப்பில் அவன் தலையில் ஏறவில்லை. ரொறன்ரோவில் முப்பது வருடம் இருந்தும் ஏறவில்லை என்பதைப் போன ஆடியில்தான் கண்டுகொண்டேன். படிப்பித்தவளுக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்?

அவன் என் சித்தப்பாவின் இளைய மகன். மூத்தவன் சுபாஸ்கரன் நான்கு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பி வரவில்லை. சுபாஸின் மனைவி வசந்தினி கொக்குவிலில் எனக்குப் பக்கத்து வளவில் இருக்கிறாள். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டுப் போர்ட்டிக்கோவில், சித்தப்பா வாங்கிய கரும்பச்சை நிற ஒஸ்ரின் ஏ-40 நிற்கிறது. அது என்னைவிட வயதில் மூத்தது, என்னைவிட நல்ல நிலையில் இருப்பது. முழங்கால் நோகிறது என்று அது ஒரு நாளும் சொன்னதில்லை.

சித்தப்பா போனபின் கார் இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி என்று வாயால் பேசிக்கொண்டதோடு சரி. குகன் கனடாவில் இருந்தான், அவனுடைய பாதி கொக்குவிலில் நின்றது. அந்தப் பாதிக்கும் சேர்த்து ரயர் மாற்றியது, பெயின்ற் அடித்தது, பெற்றோல் விட்டது எல்லாம் சுபாஸ். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில்கூட அதை ஓட வைத்தவன் அவன். அமைதி வந்ததும் கல்யாணக்காரர் தேடி வரத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரு பழைய காரில் சாய்ந்து நின்று படம் எடுக்காவிட்டால் கல்யாணம் செல்லாது என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

சுபாஸ் போனதும் காரும் நின்றது. சம்பளத்துக்கு வந்த சாரதிமாருக்கு ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கியரைப் பிடிக்கத் தெரியவில்லை. ஒருவன் பண்டத்தரிப்பு மாப்பிள்ளை ஒருவரை ஏற்றிக்கொண்டு போய், கொக்குவில் ரயில் கடவையின் நடுவில் காரை நிறுத்திவிட்டு முழித்துக்கொண்டிருந்தான். தகவல் வந்ததும் வசந்தினி வீட்டில் உடுத்திருந்த சீலையோடு ஓடினாள். சுபாஸ் எப்போதோ விளையாட்டாக அவளுக்கு ஓட்டப் பழக்கியிருந்தான். சாரதியை இறக்கிவிட்டுத் தானே ஏறி மண்டபம் வரை ஓட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் கறுத்துப் போனதாம். ஆனால் முகூர்த்தம் தவறவில்லை, அந்தப் பிள்ளைகளும் சந்தோசமாகத்தான் இருக்கிறார்கள். அதன்பிறகு காரைக் கேட்டு வருகிறவர்கள் வசந்தினியையும் சேர்த்தே கேட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் புருசன் இல்லாத பொம்பிளைக்குக் கல்யாண வீட்டில் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அது பின்பக்கம், சாப்பாட்டுக் கிடாரங்களுக்குக் கிட்ட. யாரும் போ என்று சொல்வதில்லை. ஆராத்தித் தட்டு வரும்போது அவளே பார்த்து ஒதுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அதைக் கண்டால் பத்திக்கொண்டு வரும். நான் கல்யாணமே செய்யாதவள் என்பதால் எனக்கும் ஏறக்குறைய அதே இடம்தான் என்பது வேறு கதை. ஆனால் வசந்தினி காரை ஓட்டத் தொடங்கியபின், யாழ்ப்பாணத்து மண்டபங்களின் முன்வாசலுக்கு மாப்பிள்ளைக்கும் முந்திப் போய்ச் சேருகிற ஆள் அவள்தான். சாரதியைப் பின்கதவால் வா என்று யார் சொல்வது? கார் போனால் அவள் திரும்பவும் கிடாரத்தடிக்குப் போகவேண்டும். அவளுடைய பயம் இதுதான். காசு அதற்குப் பிறகு.

குகன் ஆடி முடிகிற நேரம் வந்து இறங்கினான். ஆவணியில் அவன் மகள் தர்சிகாவுக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம். மாப்பிள்ளையும் கனடாதான், ஆனாலும் படம் நன்றாக வரவேண்டும் என்று கல்யாணத்தை இங்கே வைத்திருந்தார்கள். எனக்கு இரண்டு பெட்டி சொக்லேற்றும் மூட்டுநோவுக்கு ஒரு பூச்சு மருந்தும் கொண்டுவந்து தந்தான். நல்ல பிள்ளைதான். பிறகு வசந்தினி வீட்டில் போய் இருந்து தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இரண்டு விசயம் சொன்னான்.

முதலாவது, கல்யாணத்தன்று அண்ணி சாப்பாட்டுப் பக்கத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் என்றால், வசந்தினிக்கு அதன் அர்த்தம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டாவது, அப்பாவின் காரை இப்படியே விட்டுக்கொண்டிருக்கக் கூடாது, ஒரு நியாயமான விலையைப் பார்த்துத் தன்னுடைய கணக்கை முடிக்கவேண்டும். பொம்பிளை அழைப்புக்கு வெள்ளை நிறத்தில் நீளமான ஏசிக் கார் ஒன்று பேசிவிட்டானாம், இந்தக் கரைச்சல் தேவையில்லையாம்.

அன்றிலிருந்து ஒரு கிழமை, நியாயமான விலை தேடுகிற வேலை நடந்தது. கார் இருக்கிற வீட்டுக்கு முன்னால் போன எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். கடைக்காரன் இரும்பின் நிறையை வைத்து ஒரு விலை சொன்னான். அஞ்சல்காரர், இப்போது புதுக் கார் விற்கிற விலையைப் பார்த்தால் இதற்கு என்ன சொன்னாலும் தகும் என்றார். எதிர்வீட்டுக்காரர், வாங்குகிற ஆள் தான் என்றால் ஒரு விலை, விற்கிற ஆள் தான் என்றால் இன்னொரு விலை என்று ஒளிக்காமல் சொன்னார். எல்லாரிலும் நேர்மையான ஆள் அவர்தான். குகன் மட்டும் ஒவ்வொரு நாளும் காலையில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து கீழே பார்த்து, உச்சுக்கொட்டி, வசந்தினிக்குக் கேட்கத் தலையை ஆட்டுவான். பழைய இரும்பு, அண்ணி, ஒன்றுமில்லை என்பான். நோயாளியைப் பார்க்க வந்து நோயைக் கூட்டிவிட்டுப் போகிற சொந்தக்காரர் மாதிரி இருந்தது.

கனடாவில் இருந்து வருகிறவர்கள் தொலைபேசியைக் காதில் வைப்பதில்லை. முகத்துக்கு முன்னால் கண்ணாடி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கக் கதைப்பார்கள். வசந்தினி வளவில் சிக்னல் மதிலடியில்தான் எடுக்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் முருங்கையிலை ஒடித்துக்கொண்டிருந்தேன். ஒடித்து முடித்தபிறகும் நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் பழைய கார்கள் சேர்க்கிற ஒரு பெரிய மனுசனோடு கதைத்தான் குகன். படங்கள் பார்த்துவிட்டாராம், நாற்பது இலட்சம் தருவாராம், கல்யாணம் முடிந்த கையோடு லொறி அனுப்பி ஏற்றுவாராம். அந்த அழைப்பை வைத்துவிட்டு, தாவடியில் தாய்வீட்டில் நின்ற மனைவிக்கு எடுத்தான்.

"அண்ணிக்கு எட்டுக் குடுத்தால் காணும். பாவம், அவவுக்கு உதுகளைப்பற்றி என்ன தெரியும்."

நாற்பதில் எட்டு. பின்னக் கணக்கில் அது ஐந்தில் ஒன்று, அரை அல்ல. முருங்கையிலையை அப்படியே விட்டுவிட்டு வசந்தினியிடம் போனேன்.

கேட்டதும் அவள் எழும்பிவிட்டாள். அவனை முற்றத்தில் நிறுத்தி நாலு பேருக்கு முன்னால் கேட்கப்போகிறேன் என்றாள். நான் கையைப் பிடித்து இருத்தினேன். கேட்டால் என்ன நடக்கும்? அவன் கொஞ்சம் வெட்கப்படுவான். பிறகு, சரி, நாற்பது, ஆளுக்கு இருபது, நீங்கள் எனக்கு இருபதைத் தந்துவிட்டுக் காரை வைத்திருங்கள், ஏலாவிட்டால் இருபதை வாங்கிக்கொண்டு காரை விடுங்கள் என்பான். அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. உன்னால் எவ்வளவு புரட்ட முடியும் என்று கேட்டேன். அவள் அலுமாரியைப் பார்த்தாள். கனக்க நேரம் பார்த்தாள்.

"இழுத்துப் பிடிச்சால் பதினைஞ்சு. அதுக்கு மேலை ஏலாது, மச்சாள்."

ஆகவே, குகன் உண்மையைச் சொன்னால் வசந்தினிக்குக் கார் இல்லை. குகன் பொய் சொன்னால்தான் கார் உண்டு. என் ஆயுளில் ஒரு மாணவன் பொய் சொல்லவேண்டுமென்று நேர்ந்துகொண்டது அந்த முறைதான். அவனுக்கு அதில் உதவி ஒன்றும் தேவைப்படவில்லை, என்றாலும் நான் செய்தேன். இதில் நியாயம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். சரியான விலையைச் சொல்ல அவனுக்கு ஒவ்வொரு நாளும் விடிந்தது. நான் அவன் வாயைப் பொத்தவில்லை.

எங்கள் குடும்பத்தில் பங்கு பிரிக்க ஒரு முறை இருக்கிறது. காணி என்றால் ஒருவர் எல்லையைப் போடுவார், மற்றவர் தனக்கு விருப்பமான துண்டை எடுப்பார். பிரிக்க முடியாத சாமான் என்றால் ஒருவர் விலையைச் சொல்வார், அந்த விலைக்கு, விலை சொன்னவருடைய பங்கை எடுக்கிறதோ, தன் பங்கைக் குடுக்கிறதோ என்று மற்றவர் சொல்வார். அப்பாவும் சித்தப்பாவும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினை அப்படித்தான் முடித்தார்கள். விலை சொல்லவேண்டிய ஆள் அப்பா. கூட்டிச் சொன்னால் தம்பி காசை வாங்கிக்கொண்டு சிரிப்பான், குறைத்துச் சொன்னால் மெசினைத் தூக்கிக்கொண்டு போவான் என்று யோசித்து யோசித்து அவர் சோறுகூட ஒழுங்காகத் தின்னவில்லை. கடைசியில் சொன்னது சரியான விலை. வேறு விலை சொல்ல அந்த முறை விடாது. சொல்கிறவன் மற்றவனிடம் காசு இல்லை என்று நினைத்தால் மட்டும் அது பிசகும்.

இந்த முறையில் முடிப்போம் என்று நான் சொன்னபோது குகன் உடனே ஒப்புக்கொண்டான். ஊருக்கு முன்னால் நியாயம் செய்ததாகவும் இருக்கும், அண்ணியால் எடுக்கவும் முடியாது. ஓட்டுக்குமேல் தகரம் போட்ட வீடு, நூல் போன சீலை, வெறும் கழுத்து. அவன் எல்லாவற்றையும் கவனித்திருந்தான்.

காரைப் பார்த்துக் குறைநிறை சொல்ல யாகப்புவைக் கூப்பிடுவதென்று முடிவாயிற்று. யாகப்பு குருநகரில் கராச் வைத்திருக்கிறவர், சுபாஸ் காலத்திலிருந்து இந்தக் காருக்கு வைத்தியர். குகன் அவரைத் தனியே சந்தித்து, ஒரு விஸ்கிப் போத்தலைக் கையில் கொடுத்து, குறைகளைக் கொஞ்சம் விபரமாகச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். அடுத்த நாள் நான் ஒரு ஊர்க்கோழியோடு போய் அதையேதான் சொன்னேன். மனுசன் குழம்பிப்போனார்.

"ரெண்டு பக்கமும் ஒரே கதையைச் சொல்லச் சொல்லுறியள். உதை நான் பாவசங்கீர்த்தனத்திலை சாமியாருக்கு என்னெண்டு சொல்லுறது, ரீச்சர்?"

பொய் ஒன்றும் சொல்லவேண்டாம், உள்ள குறைகளை மட்டும் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாமல் விடுவது பாவக் கணக்கில் வராது என்றேன். அவருடைய வேதத்தில் அது வருகிறதோ தெரியாது. கோழியை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இராகுகாலம் தொடங்குவதற்கு நிறைய நேரம் இருக்க, போர்ட்டிக்கோவில் கதிரைகள் போட்டோம். சாட்சிக்கு இராசநாயகம் மாமா வந்திருந்தார். அவர் குகனுக்கும் சுபாஸுக்கும் தாய்மாமன், எண்பது தாண்டியவர். காது மந்தம், ஆனால் தனக்கு வேண்டியது எல்லாம் கேட்கும். வடையும் தேத்தண்ணியும் வந்தன. யாகப்பு எழுந்து நின்று, கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல் காரின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அடித்தகடு துரு. ஒரு வைப்பர் வேலை செய்யாது. இடப்பக்கக் கதவு மழைக்கு இறுகும். மண்ணெண்ணெயில் ஓடிய என்ஜின். சொன்னது அத்தனையும் உண்மை. குகன் ஒவ்வொன்றுக்கும் வசந்தினியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வசந்தினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நான் நினைத்தபடி போய்க்கொண்டிருக்கும்போது மாமா வடையை வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

"உதுக்கு முப்பதுக்குக் குறைய ஆரும் கேட்டால் நாயை அவிட்டு விடு, பிள்ளை."

முப்பதில் பாதி பதினைந்து. குகன் இன்னும் ஒரு இலட்சம் ஏறிச் சொன்னாலும் வசந்தினியின் கை எட்டாது. மாமாவின் தட்டில் இரண்டு வடையை அவசரமாக வைத்தேன். ஆனால் குகனைப் பார்த்ததும் என் பயம் போய்விட்டது. அவன் முகம் சிவந்திருந்தது. முப்பது என்ற சொல் அண்ணியின் காதில் விழுந்துவிட்டதே என்ற கோபம் அது. மாமாவுக்கு வயது போய்விட்டது, இந்தக் காலத்து விலை தெரியாது, கனடாவில் இதைவிடத் திறமான கார்களைக் குப்பைக்குக் குடுக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான். மாமாவை இறக்க இறக்க அவனுடைய விலையும் இறங்கிக்கொண்டே போனது.

நான் அந்த நேரம் பார்த்து, அப்படியென்றால் விலையை வசந்தினி சொல்லட்டும், எடுக்கிறதோ குடுக்கிறதோ என்று நீ சொல்லு என்றேன். மாமா சொன்ன முப்பதை அவள் பிடித்துக்கொள்வாள் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். பாய்ந்து விழுந்து தடுத்தான். அண்ணிக்கு விலை தெரியாது, தானே சொல்கிறேன் என்றான். நான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சரி, உன் விருப்பம் என்று விட்டுக்கொடுத்தேன். பள்ளிக்கூட நாடகங்களில் எனக்கு எப்போதும் மரம் வேசம்தான் தந்தார்கள், இப்போது பார்த்திருக்க வேண்டும்.

"பதினாறு," என்றான் குகன். "முழுக் காருக்கும் பதினாறு. பாதி எட்டு. அதுக்கு மேலை ஒரு சதம் போகாது."

"யோசிச்சுச் சொல்லு. சொன்னால் பிறகு மாத்தேலாது."

"யோசிச்சுத்தான் சொல்லுறன், அக்கா."

அவனுக்கு நான் கொடுத்த கடைசி வாய்ப்பு அது. பரீட்சையில் மணி அடிக்க முன்னரும் இப்படித்தான் சொல்வேன், அப்போதும் அவன் திருப்பிப் பார்த்ததில்லை. நான் வசந்தினி பக்கம் திரும்பி, எடுக்கிறதோ, குடுக்கிறதோ என்று கேட்டேன். அவள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். காரை ஒருமுறை பார்த்தாள்.

"எடுக்கிறன்."

குகனுக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணிக்குச் சொல் மாறிவிட்டது என்று நினைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சிரித்தபடி திருத்தினான். குடுக்கிறன் என்று சொல்லவேண்டும் என்றான். எடுக்கிறன் என்றுதான் சொன்னனான் என்றாள் அவள். உள்ளே போய், சாமி அறையில் வைத்திருந்த துணிப்பையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அவன் பையைத் திறந்து பார்த்தான், மூடினான், திரும்பவும் திறந்தான். இது எங்கே இருந்து என்று கேட்டான்.

"உங்கடை அண்ணை எனக்குக் கட்டின கொடி, குகன். வெள்ளிக்கிழமை கொண்டுபோய் அடைவு வைச்சனான். கழுத்திலை இல்லையெண்டால் வீட்டிலையும் இல்லையெண்டு நினைச்சிட்டீங்கள்."

இந்தப் பிழையை எங்கள் ஊர் ஆள்தான் விடுவான். மகளின் கொடிக்கு எத்தனை பவுண், இன்றைக்குப் பவுண் என்ன விலை என்று வந்த நாளிலிருந்து நகைக்கடை நகைக்கடையாக ஏறி இறங்கியவன் குகன். இந்த வருடம் பவுண் ஏறிய ஏற்றம் அவனுக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் தாலிக்கொடி என்றால் அது கழுத்தில் தொங்குகிற சாமான். புருசன் போனால் கழற்றிவிடுவார்கள். கழற்றினபிறகு அது எங்கே போகும் என்று அவன் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. அவனுடைய கணக்கில், சுபாஸோடு சேர்ந்து ஒன்பது பவுண் தங்கமும் சுடலைக்குப் போய்விட்டது.

பிறகு அவன் ஒரு கடைசி ஓட்டம் ஓடினான். இப்போதுதான் நினைவு வருகிறது, கொழும்பில் ஒரு ஆள் இருக்கிறார், கெஞ்சிக் கேட்டால் நாற்பதுக்கும் எடுப்பார் போல, அண்ணி, அவருக்கே குடுத்துவிட்டு ஆளுக்கு இருபது எடுப்போம், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றான். பதினாறுக்கு மேல் ஒரு சதமும் போகாத காரை நாற்பதுக்கு எடுக்க அந்த மனுசனுக்கு என்ன பைத்தியமோ என்று நான் கேட்டேன். யாகப்பு தலையைக் குனிந்து துருப்பிடித்த அடித்தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

மாமாவுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது.

"நாப்பதோ? நான் முப்பதெண்டு குறைச்செல்லோ சொல்லிப்போட்டன்."

சொன்னதை மாற்றுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, அதுவும் தாய்மாமனுக்கு முன்னால். தன் பங்கைக் கொடுத்துவிட்டதாக எழுதிய கடதாசியில் குகன் கையெழுத்து வைத்தான். வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் போய்க் கனநேரம் இருந்தான். தொலைபேசியைக்கூட முகத்துக்கு முன்னால் பிடிக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பாவத்தைவிடச் சந்தோசம் கூட இருந்தது. தேத்தண்ணி ஒன்று போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், சீனி போட மறக்கவில்லை.

மாமாவின் வாயில் ஒரு விசயம் விழுந்தால் இரண்டு நாளில் பருத்தித்துறை வரை போய்விடும். தாவடியில் இருந்த தர்சிகாவுக்கு வரக் கனநேரம் எடுக்குமா? கல்யாணப் பொம்பிளை தனியே ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். காரைச் சுற்றி வந்தாள், தகப்பன் சுற்றிய மாதிரி இல்லை. தடவிப் பார்த்தாள், உள்ளே ஏறி இருந்து பார்த்தாள். பிறகு வசந்தினியிடம், வாடகை என்னவென்று கேட்டாள். பெறாமகளிடம் காசு வாங்குவதா என்று வசந்தினி மறுத்தாள். மற்றவர்களிடம் வாங்குகிறதைத்தான் தருவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அரையையும் முழுதையும் பிரித்தறிகிற பிள்ளை, தாய் வழியில் வந்திருக்கவேண்டும். ஒரேயொரு நிபந்தனை வைத்தாள், பெரியம்மாதான் ஓட்டவேண்டும். தகப்பன் பேசிவைத்த வெள்ளைக் கார் அன்றே நிறுத்தப்பட்டது.

கல்யாணத்தன்று நான் மண்டபத்து முன்வாசலில் நின்றேன். பின்பக்கத்தில் சாப்பாட்டைப் பார்க்க யாரோ இருந்தார்கள், எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வந்து உள்ளே போய்விட்டார். குகன் பட்டுவேட்டியோடு வாசலில் கைகட்டி நின்றான். தெருமுனையில் ஒஸ்ரினின் சத்தம் முதலில் வந்தது, பிறகு கரும்பச்சை மூக்கு, மாலை போட்டபடி. வசந்தினி நாவல்நிறச் சீலை ஒன்று உடுத்தியிருந்தாள், புதிது. ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கொண்டுவந்து படியோடு நிறுத்தினாள்.

இறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள். இடப்பக்கக் கதவு கொஞ்சம் இறுகித்தான் திறந்தது. தர்சிகா இறங்கியதும், குகனின் மனைவியின் தமக்கையும் இன்னொரு பொம்பிளையும் ஆராத்தித் தட்டோடு முன்னுக்கு வந்தார்கள். வசந்தினியின் கால்கள் பழக்கத்தில் தாமாகப் பின்னால் போயின. மண்டப வாசல் வரை காரோட்டி வந்தவளுக்கு மிச்சம் இரண்டு அடி முன்னே வைக்கத் தெரியவில்லை. ஆனால் தர்சிகா அவள் கையைப் பிடித்தபடியே நின்றாள். சீலை தடக்குகிறது, பெரியம்மா, விடாதேங்கோ என்றாள். சீலை ஒன்றும் தடக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தட்டு வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு குகனைப் பார்த்தார்கள். படமெடுக்கிறவன் கமராவை இறக்கிவிட்டான். குகன் அண்ணியைப் பார்த்தான், காரைப் பார்த்தான், மகளின் கையைப் பார்த்தான். பரீட்சை மண்டபத்தில் அவன் இப்படி யோசித்து நான் கண்டதில்லை.

"எடுங்கோவன்," என்றான். "நேரம் போகுது. ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுங்கோ."

தட்டு இரண்டு பேரையும் சுற்றி வந்தது. வசந்தினி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் மூக்கை உறிஞ்சியதை யாகப்பு பார்த்துவிட்டுத் தன் கைலேஞ்சியை நீட்டினார், எண்ணெய் மணத்தது, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

பொம்பிளையை உள்ளே கூட்டிக்கொண்டு போனபிறகு வாசல் வெறுமையானது. வசந்தினி காரை நிழலில் விடப் போனாள். குகன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, அது வளைந்து திரும்புகிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அந்தக் காருக்குச் சரியான விலை என்ன?"

"அதை நீ சொல்லு," என்றேன். "குடுக்கிறதோ இல்லையோ எண்டு அவள் சொல்லட்டும்."

இந்த முறை அவன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான்.